குடித்து முடித்த சவ்வு

ஒரு பிளாஸ்டிக் தாளுக்குத் தண்ணீரைப் பிடிக்கிறதா இல்லையா என்று உங்களுக்குப் பார்க்கத் தெரியுமா? ஒரு சொட்டு விட்டால் போதும். பிடிக்காவிட்டால் முத்து மாதிரி உருண்டு நிற்கும். பிடித்துவிட்டால் பாய் விரித்துப் படுத்துவிடும்.

தண்ணீர் சுத்திகரிப்பு ஆலையின் சோதனைக்கூடத்தில் ஒரு பெண்ணுக்கு நாள் முழுக்க இதுதான் வேலை. அவளுக்குச் ‘சொட்டு’ என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. தண்ணீர் வடிகட்டும் பிளாஸ்டிக் சவ்வு அழுக்கேறிச் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறதே என்று, அதன் மேல் ரசாயனம் ஏற்றி, அழுக்கு ஒட்டாமல் நீரை இழுக்கும்படி மாற்றியிருந்தாள். விட்ட சொட்டு உடனே படுத்தது. மறுநாள் காலை மேலாளர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். சரிவராவிட்டால் பழைய சவ்வே போதும் என்று அவர் முன்பே சொல்லிவிட்டார்.

சவ்வைச் சட்டத்தில் மாட்டும் ஃபிட்டர் அவள் கணவனின் தம்பி. பழைய பழக்கத்தில், காய்ந்த சவ்வைச் சட்டத்துக்கு இம்மி பிசகாமல் வெட்டி மாட்டிவிட்டான். சாயங்காலம் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் சவ்வு அலையலையாகப் புடைத்து ஓரத்தில் ஒழுகியது.

“என்ன அண்ணி, விருந்து சாப்பிட்ட எங்கண்ணன் மாதிரி உப்பிக்கிட்டு கெடக்கு?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீரைப் பிடித்துப்போன தாள் அதைக் குடிக்கவும் செய்யும். எவ்வளவு குடிக்கிறது என்று எடைகூடப் போட்டு வைத்திருந்தாள். இவனிடம் சொல்லத்தான் தோன்றவில்லை.

மிச்சம் ஒரே ஒரு துண்டு. கொஞ்சம் சின்னதாக வெட்டிவிடலாம் என்றான். எவ்வளவு சின்னதாக? எடை தெரியுமே தவிர, எந்தப் பக்கம் எவ்வளவு நீளும் என்று அவள் அளந்ததில்லை.

“முதல்ல ஊறட்டும் தம்பி. குடிச்சு முடிச்சப்புறம் ஈரத்தோட வெட்டுங்க.”

ஈரத்தில் கத்தி வழுக்கும் என்று முனகினான். வழுக்கினால் இருக்கிற ஒன்றும் போச்சு. ஊறியதும் அவள் இரண்டு கையாலும் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“விரல எடுங்க அண்ணி. அறுத்துட்டா அண்ணனுக்கு யாரு பதில் சொல்றது?”

அவள் எடுக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினான். மாட்டி, காயாமல் இருக்கத் தண்ணீர் நிரப்பி மூடிவிட்டு இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை மேலாளர் வந்தார். எங்கும் ஒழுகவில்லை. ஊறிய சவ்வில் துளைகளும் சுருங்கியிருந்ததால், தண்ணீர் பழைய சவ்வைவிடக் கொஞ்சம் மெதுவாக, தெளிவாக வந்தது. அடைக்கிறதா பார்ப்போம், ஒரு வாரம் ஓடட்டும் என்று சொல்லிவிட்டு அவர் மாடிக்குப் போனார்.