மஞ்சள் வட்டம்

மண்ணூர்பேட்டைத் தொழிற்சாலையில் ரசாயன ஆவி கசிந்து பெண்கள் மயங்கி விழுந்த மறுநாள், ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். வேலையை நிறுத்தலாம் என்ற பேச்சு யாரிடம் தொடங்கி யாருக்குப் போனது என்பதுதான் தீபிகாவின் முனைவர் பட்ட ஆராய்ச்சி. பேட்டிகளை மென்பொருளில் போட்டால் ஆளுக்கொரு வட்டம் வரும். ஒருத்தி தன் பேட்டியில் யார் பெயரைச் சொல்கிறாளோ, அவளை நோக்கி ஒரு கோடு. கோடு கூடக்கூட வட்டம் பெரிதாகும். இவ்வளவுதான் வித்தை.

யார் யாரென்று தெரியக்கூடாதென்று பெயர்களை எடுத்துவிட்டாள். படம் எடுப்பாக இருக்கட்டுமென்று, யார் எந்த ஊரிலிருந்து வேலைக்கு வருகிறார்கள் என்பதற்கு மட்டும் நிறம் போட்டாள். நடுவில் பெரிதாக வந்தது ஒரே ஒரு மஞ்சள் வட்டம். மஞ்சள் என்றால் கரையான்சாவடி; அங்கிருந்து வருகிறவள் பஞ்சவர்ணம் ஒருத்திதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.

பேட்டி எடுக்க அனுமதி கொடுத்தாரே என்று தொழிற்சாலை மேலாளரையும் படத்தைக் காட்டிய கருத்தரங்குக்கு மரியாதையாக அழைத்திருந்தாள். அவர் அந்தப் படத்தைச் செல்போனில் பிடித்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் பஞ்சவர்ணத்தை வாசலிலேயே நிறுத்தி, வேலை இல்லை என்றுவிட்டார்கள்.

பதறிப்போன தீபிகா பேட்டிகளை மறுபடி போட்டுக் கேட்டாள். முதலில் பேட்டி கொடுத்தவள் பஞ்சவர்ணம். அதன்பின் ஒவ்வொரு பேட்டியும் தீபிகாவின் குரலில்தான் தொடங்கியது: "பஞ்சவர்ணம் அக்கா எல்லாம் சொன்னாங்க. நீங்களும் சொல்லுங்க." ஒவ்வொருத்தியும், "ஆமா, பஞ்சவர்ணம் சொன்னாப்லதான்" என்று ஆரம்பித்திருந்தாள். மென்பொருளுக்கு என்ன தெரியும்? கோடு போட்டது.

தீபிகா தன் ஆய்வு நெறியாளர் ஞானசேகரனிடம் ஓடினாள்.

"இப்ப போய்த் தப்புன்னு சொன்னா மொத்த ஆய்வும் விழுந்துடும். பட்டம் வேணுமா வேணாமா?" என்றார் அவர்.

மறுநாள் கரையான்சாவடிக்குப் போனாள். பஞ்சவர்ணம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"வேலய நிறுத்தினப்ப நா ஆஸ்பத்திரில கெடந்தேன், ஒங்கைலதான் சொன்னனே. படுத்துகினே போன்ல தூண்டிவுட்டன்றான் மேனேஜரு. கேட்டா, படிச்சவங்க போட்ட படம்ன்றான். படம் தப்புன்னு நீயே எய்திக் குடும்மா. அத்தக் காட்டி வேலயக் கேட்டுக்கிறேன்."

"பார்க்கிறேன்க்கா" என்றாள் தீபிகா. அதைச் சொல்லும்போதே எழுதித் தரமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆய்வேடு பைண்டிங்குக்குப் போனது. படம் அப்படியே இருந்தது. மனசாட்சி உறுத்தியதால் நன்றியுரையில் மட்டும் ஒரு வரி சேர்த்தாள்: 'கரையான்சாவடி பஞ்சவர்ணம் அக்காவுக்கு.'