பெறப்பட்ட நிலையில்

மார்ச் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது. வானம் மூடிக் கிடந்தது. பெய்யவும் மனமில்லை, விலகவும் மனமில்லை. மருத்துவமனையின் கருவிப் பரிசோதனை அறையில் அவள் ஒரு படிவத்தின் ஏழாம் கேள்விக்கு எதிரே பேனாவை நிறுத்தி வைத்திருந்தாள். மற்றவை எல்லாம் நிரப்பியாகிவிட்டன. இதுவும் கையெழுத்தும்தான் பாக்கி.

படிவத்துக்கு உரிய பொருள் மேசைமேல் இருந்தது. தடித்த அகராதி அளவில் ஒரே ஒரு லித்தியம் செல். அதன் அழுத்தம் மூன்றேகால் வோல்ட்டைத் தாண்டாது. அதன் இரு முனைகளிலிருந்து விரல் பருமனில் இரண்டு கேபிள்கள் ஒரு சாம்பல் நிற இன்வெர்ட்டர் பெட்டிக்குள் போயின. பெட்டியின் மறுபுறம், வீட்டுச் சுவரில் வரும் அதே இருநூற்று முப்பது வோல்ட் வந்தது. மற்ற இன்வெர்ட்டர்கள் பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கீழே பேச்சுவார்த்தைக்கே வராதவை. இதைச் செய்தவர் அவளுடைய அக்காவின் கணவர். வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகளாக இதையே கட்டி அழுகிறார். குடும்பத்தில் இதற்கு 'ஒண்டி' என்று பெயர். ஏன் நான்கு செல்களைக் கோக்கவில்லை என்று யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "நாலு பேர் சேர்ந்து பாரம் தூக்குனா ஒருத்தன் சும்மா கை மட்டும் வச்சிருப்பான். அவன் எவன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள மத்த மூணு பேரும் படுத்துருவாங்க. ஒருத்தன் தூக்கட்டும், ஒழுங்காத் தூக்கட்டும்."

உறவினரின் பொருளைத் தான் சோதிப்பது முறையல்ல என்று அவள் எழுதியே கொடுத்திருந்தாள். "உங்களைவிடக் கறாரா ஒரு ஆளைக் காட்டுங்க, அவங்ககிட்ட குடுத்துடறேன்" என்று மேலாளர் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் மூச்சுக் கருவியோடு தூங்குகிற நோயாளிகள் ஒன்பது பேருக்கு இது போக வேண்டும். மின்சாரம் போனால் ஐந்து மணி நேரம் தாங்க வேண்டும் என்பது விதி. முதல் மாதிரி நேற்று ஆறு மணி நேரம் இருபது நிமிடம் ஓடியது. வேறென்ன வேண்டும்?

ஏழாம் கேள்வி: 'மாதிரி, பெறப்பட்ட நிலையிலேயே, எவ்வித மாற்றமுமின்றிச் சோதிக்கப்பட்டதா?' பதினோரு ஆண்டுகளாக அவள் 'ஆம்' என்று எழுதிவரும் இடம். எழுதுவதற்காகச் சற்றுக் குனிந்தபோது, மேலங்கிப் பையிலிருந்த ஸ்பேனர் மேசை விளிம்பில் இடித்தது.

நேற்று இணைப்புக் கொடுக்கும் முன் செல்லின் மூடியைத் திறந்து, கேபிள்களைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளையும் கால் சுற்று முறுக்கியிருந்தாள். யாரும் சொல்லவில்லை. அவள் கை அப்படி. போன இடத்தில் கதவுக் கைப்பிடி ஆடினால்கூட அதைச் சரிசெய்துவிட்டுத்தான் உட்காருவாள்.

பேனாவை மூடினாள். ஸ்பேனரை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். இரண்டாம் மாதிரியை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, மூடியைத் தொடாமல், மூச்சுக் கருவியை இணைத்தாள். கருவியின் குழாய் முனையில் நுரையீரலுக்குப் பதிலாக ஒரு ரப்பர் பை உண்டு. பத்து ஐந்துக்கு அது மூச்சு விடத் தொடங்கியது.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் மாமா எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார். அந்த பெஞ்சின் ஒரு கால் ஆடும்; அவர் அசைவதெல்லாம் உள்ளே கேட்டது.

"என்ன சின்னவளே, மறுபடி ஓட்டுற? நேத்தே பாஸ்தானே?"

"ஒரு சந்தேகம் மாமா."

"உனக்கா? உனக்கு எப்பதான் இல்ல?" சிரித்தார். ஆனால் பெஞ்சு சிரிக்கவில்லை; இன்னும் வேகமாக ஆடியது.

வீட்டுப் பராமரிப்புச் செவிலியர் பட்டியலோடு வந்தார். "அஞ்சு மணிக்கு வண்டி கெளம்புதும்மா. ஒம்பது வீட்டுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். ஒரு அம்மா கரண்ட் போகுமோன்னு பயந்து ராத்திரியெல்லாம் உக்காந்தே இருக்காங்க. நீங்க பாட்டுக்குக் காலை வாரிடாதீங்க."

பன்னிரண்டு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ரப்பர் பை பாதியில் நின்றது.

அவள் அளந்தாள். செல்லின் முனையில் மூன்று வோல்ட்டுக்குமேல் இருந்தது. பாதிக்குமேல் சார்ஜ் அப்படியே இருந்தது. ஆனால் நின்ற நொடியில், பெட்டியின் வாசலில் பதிவாகியிருந்தது இரண்டு புள்ளி ஆறு; அந்த அளவுக்கு இறங்கினால் பெட்டி தானாக அணைந்துகொள்ளும். இடைப்பட்ட அரை வோல்ட்டை வண்டிக் குலுங்கலில் சற்றே தளர்ந்த ஒரு நட்டு தின்றிருந்தது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் மின்னோட்டம் கால்பங்குதான். இந்தத் தளர்வை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஒண்டிக்கு அரை வோல்ட் என்பது ஆறில் ஒரு பங்கு உயிர்.

ஒன்றை வைத்து முடிவு செய்வது அவள் வழக்கமில்லை. பன்னிரண்டரைக்கு மூன்றாம் மாதிரி. இரண்டு மணி, இரண்டரை, மூன்று. பை உப்பியது, சுருங்கியது. இது தாண்டிவிடும் என்று தோன்றியது. தாண்டட்டும் என்று தான் வேண்டுவதைக் கவனித்து, எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். அக்கா போனில் அழைத்தாள்.

"என்னடி, கையெழுத்துப் போட்டியா இல்லியா? மனுஷன் அங்கயும் பெஞ்சத் தேய்ச்சிட்டிருக்காரா?"

"அக்கா, வீட்ல ஓடுதே ஒண்டி, அது இதுவரைக்கும் நின்னதே இல்லியா?"

"ரெண்டு வருஷத்துல ஒரு நாள்கூட இல்ல. எப்படி நிக்கும்? காலைல எந்திரிச்சா என் மூஞ்சியப் பாக்குறாரோ இல்லையோ, அந்த நட்டுக்கு ஒரு முறுக்கு குடுத்துட்டுத்தான் பல்லு வெளக்கப் போவாரு. நானும் நட்டாப் பொறந்திருக்கலாம்."

அக்காவே தன் நகைச்சுவைக்கு முதலில் சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்கு இருபதுக்குப் பை நின்றது. மூன்று மணி நேரம் ஐம்பது நிமிடம்.

ஏழாம் கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினாள். கீழே, சிறிய, அடித்தல் இல்லாத எழுத்தில்: 'முதல் மாதிரியின் நட்டுகளைச் சோதனைக்கு முன் சோதித்தவரே முறுக்கியதால் அந்த முடிவு செல்லாது.' தன் பதவியை எழுதினாள். 'அனுமதி இல்லை. கேபிளைச் செல்லோடு பற்றவைத்து மூன்று வாரத்தில் மீண்டும் கொண்டுவரலாம்.' மூன்று வாரம் என்பது எத்தனை மின்வெட்டு என்று கணக்கிட அவளுக்குத் தெரியும். அந்த எண்ணை எழுதப் படிவத்தில் இடமில்லை. கையெழுத்திட்டாள்.

தாழ்வாரத்தில் செவிலியர் வண்டிச் சாவியோடு நின்றிருந்தார். மாமா எழவில்லை, அவள் நடந்துவந்த விதத்திலேயே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"நேத்து ஓடுனதே?"

"நேத்து நான் முறுக்கிட்டேன் மாமா."

"நல்லதுதானே? அது எல்லாரும் செய்யறதுதானே?"

"நீங்களும் நானும் செய்வோம். நடுராத்திரில அந்த ஒம்பது வீட்ல யாரு செய்வா?"

செவிலியர் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். முதல் வீட்டுக்கு மணி அடிப்பது கேட்டது.

அவள் தாளை நீட்டினாள். மாமா இடக்கையால் வாங்கிக்கொண்டார். கண்கள் ஏழாம் கேள்விக்கு வந்து அங்கேயே நின்றன. அவருடைய வலக்கை, அவர் அறியாமலே, பெஞ்சுக்கு அடியில் அந்த ஆடும் காலின் நட்டைத் தேடிப் பிடித்து, விரல் நுனியால் மெல்ல முறுக்கிக்கொண்டிருந்தது.