பூஜ்யம் போட்ட கை

…பூஜ்யம் போட்ட கை இதுதானே, கரும்பலகையில் எவ்வளவு நேராக ஓர் உத்தரத்தை வரைகிறது பார், அளவுகோல் வைக்காமலே கோணல் இல்லாத கோடு, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்று கடைசி பெஞ்சில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்த பெரியவர் நினைத்தார், நினைத்த மறுகணமே அந்தத் தாராளத்துக்காகத் தன்மீதே எரிச்சல்பட்டார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள், இவருக்கு ஆறு வருடமாகியும் ஆறவில்லை. இதே கட்டடத்தில் பொறியியல் துறைக்குத் தலைவராக இருந்தவர், ஓய்வு பெற்று எட்டு வருடம், இன்றைக்கு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், எதற்கு? இந்தப் பெண்மணியின் புதுமாதிரிப் பரீட்சை தொடரலாமா, ஏழு வருடமாகத் தற்காலிகமாக ஓட்டுகிறவளுக்கு வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்த்துச் சொல்ல. மூன்று பேர் குழு, மூவரும் ஒப்பினால்தான் செல்லும். இரண்டு பேர் ஏற்கெனவே தலையாட்டிக் கையெழுத்துப் போட்டாயிற்று. மூன்றாவது கையெழுத்து இவருடையது, அதில் 'வேண்டாம்' என்று இருந்தால் பரீட்சையும் போச்சு, வேலையும் போச்சு. தெய்வம் நின்று கொல்லும் என்பது சும்மாவா… சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். படிவம் நான்காக மடித்தபடி இருந்தது. காலையிலேயே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே அளவுகோல் வைத்து, தேதி உட்பட எழுதி முடித்த படிவம். மனைவி மட்டும் காபியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "நீங்க போறது பரீட்சையப் பாக்கவா, பழியத் தீக்கவா? பாக்கறதுக்கு முன்னாடியே எழுதியாச்சு போல." முப்பத்தாறு வருடம் பேப்பர் திருத்தியவனுக்கு முதல் பக்கத்தைப் பார்த்தாலே கடைசிப் பக்கம் தெரியும் என்று சொல்லி அவள் வாயை அடைத்தார். மகள் ஒன்றும் கேட்கவில்லை. கண் மருத்துவமனைக்குக் கிளம்பும் அவசரம் அவளுக்கு, அங்கே வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு டோக்கன் எழுதிக் கொடுக்கிற வேலை… டோக்கன்! பாலம் கட்டியிருக்க வேண்டிய கை.

மணி அடித்தது. முதல் நாற்பது நிமிடம் ஒழுங்காகத்தான் போயிற்று, ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு விடை, அவருக்குத் தெரிந்த பரீட்சை. பிறகு அவள், மனதுக்குள் அவர் வைத்த பெயர் புதுமைக்காரி, தாள்களை வாங்கிக்கொண்டு, அதே கேள்வித்தாளை நான்கு பேருக்கு ஒன்றாக மறுபடி கொடுத்தாள். பெஞ்சுகள் கிறீச்சிட்டன, வகுப்பே சந்தைக்கடை ஆனது. பரீட்சைக் கூடத்தில் பேச்சா? இவர் காலத்தில் ஒருவன் தும்மினால் கூட அனுமதி கேட்டுத் தும்முவான், 'ஸ்கேல்' என்று இவருக்குப் பட்டப்பெயர் வைத்தது சும்மா இல்லை. முன்பெஞ்சில் கண்ணாடி போட்ட ஒரு பெண் நெட்டையன் ஒருவனின் படத்தைச் சுட்டி, "உன் சுமை அந்தரத்துல தொங்குது, தாங்க ஒரு தூண் கூட இல்ல பாரு" என்றாள். "அப்ப நீயே தாங்கிக்கோ" என்றான் அவன். "மூஞ்சியப் பாரு, மொதல்ல தூணப் போடு." சிரித்தார்கள். ஆனால் நெட்டையன் தலையைச் சொறிந்தான், அழித்தான், சரியான இடத்தில் தூணை வைத்தான், ஏன் அங்கே என்று அவளுக்கே திருப்பிச் சொன்னான், சொன்னது சரி. இவருக்கு அது சரி என்று தெரிந்தது, தெரிந்ததுதான் பிடிக்கவில்லை. நாலு பேர் கூடினால் ஒருவன் உழைப்பான், மூன்று பேர் குளிர்காய்வார்கள்… அதற்கும் வழி வைத்திருக்கிறாளாம், கடைசியில் ஒரு சிறு தாள், குழுவில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பத்துக்கு மதிப்பெண், பக்கத்தில் ஒரு வரிக் காரணம். பச்சைத் தாள்.

அந்தப் பச்சைத் தாள்தான். ஆறு வருடத்துக்கு முன், ஓடைமேல் ஒரு சின்னப் பாலம், வீட்டிலிருந்து நான்கு பெண்கள் சேர்ந்து செய்துவர வேண்டிய வேலை, நாலில் ஒருத்தி இவர் மகள். முடிவு வந்த அன்று குளிர்பதனப் பெட்டிமேல் சாய்ந்து நின்றாள், கையில் மதிப்பெண் தாள், பங்களிப்பு என்ற இடத்தில் முட்டை மாதிரி ஒரு பூஜ்யம். எவ போட்டா என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். அந்தப் புதுசா வந்தவளா, கூட இருந்த மூணு பேருமா, நம்ம வீட்டுலயே வந்து தின்னுட்டுப் போனாளுங்களே, அவளுங்களா? அவள் தரையையே பார்த்தாள், இவருக்கு அதுவே பதிலாகப் போதும். மூன்று தலைமுறையாகத் தோல்வி என்ற சொல் தெரியாத வீடு, இந்த வீட்டுப் பெண் பூஜ்யம் வாங்கிக்கொண்டு அந்தப் படிக்கட்டு ஏற வேண்டாம், அந்தப் புதுசா வந்தவளின் அறை வாசலை மிதித்தால் நான் மனுஷனாக இருக்க மாட்டேன் என்று அன்றைக்கே படிப்பை நிறுத்தினார். பிறகு கல்லூரியிலிருந்து மகள் பெயருக்குக் கடிதங்கள் வந்தன, ஒன்று, இன்னொன்று, இன்னும் ஒன்று… பிரிக்காமலே கிழித்தார். அடித்தவளே தடவிக் கொடுக்க வருகிறாளாக்கும்.

இப்போது புதுமைக்காரி கடைசி பெஞ்சுக்கு வந்தாள், கையில் ஒரு தடித்த கோப்பு. "பழைய தாள்களக் கேட்டிருந்தீங்களே சார். ஏழு வருஷமும் இருக்கு. பேர் இருக்காது, எண் மட்டும்தான்." அடிக்கத் தடி வேண்டுமே என்று இவர்தான் எழுதிக் கேட்டிருந்தார். இவரை அவளுக்குத் தெரியாமலா இருக்கும், நடைகூடத்தில் முன்னாள் தலைவர்கள் வரிசையில் இவர் படம் ஆணியில் தொங்குகிறதே… முகத்தில் ஒன்றும் காட்டாமல் போய்விட்டாள். கெட்டிக்காரி.

மகளின் எண் அவருக்கு மனப்பாடம். விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். நான்கு பச்சைத் தாள், ஒரு வரைபடம். வாருங்கள் பெண்களே, யார் யார் என்ன எழுதினீர்கள், இன்றைக்குப் பார்த்துவிடலாம். முதல் தாளில் மகளின் எண்ணுக்கு நேராக எட்டு. எட்டா? இரண்டாவதில் ஏழு. மூன்றாவதில் ஒன்பது, பக்கத்தில், 'மூன்று நாள் வெயிலில் நின்று ஓடையை அளந்தது இவள்தான்.' பிறகு பூஜ்யம் எங்கிருந்து… நான்காவது தாளின் கையெழுத்தை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அந்த எழுத்தைக் கைபிடித்துப் பழக்கியவரே அவர். தோழிகளுக்குப் பத்து, பத்து, ஒன்பது. தன் எண்ணுக்கு நேரே பூஜ்யம். 'படமும் கணக்கும் அப்பா போட்டது. பாதியில் என்னிடமிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டார்.'

வாங்கிக்கொண்டேனா, பிடுங்கினேனா… ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம், அதே சாப்பாட்டு மேசை, அவள் ஏதோ தப்பாகப் போட்டு அழித்துக்கொண்டிருந்தாள், நகரு, எத்தனை தடவை அழிப்ப, நம்ம வீட்டுப் பேர் போட்ட படம் இப்படியா இருக்கும் என்றார், அவள் நகர்ந்தாள், எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றாள், முடித்ததும் எப்படி என்று கேட்டார், நல்லா இருக்குப்பா என்றாள். வரைபடத்தைப் பிரித்தார். முனை முழுக்கக் கருப்பாக அடைத்த அம்புக்குறிகள், குறுக்கே சின்னக் கோடு போட்ட ஏழுகள். இந்தத் துறையில் அப்படி ஏழு போடுகிறவர் ஒரே ஒருவர். பின்பக்கம் ஊசி குத்திய துண்டுச் சீட்டில் புதுமைக்காரியின் எழுத்து. 'மூன்று முறை கடிதம் எழுதி அழைத்தேன். மாணவி வரவில்லை. மற்றவர்கள் என்ன போட்டிருந்தாலும், தனக்குத் தானே போட்டுக்கொண்டதை, அவர் வந்து பேசாமல், மாற்ற எனக்கு உரிமை இல்லை. படம் யாருடையது என்பதை மேலே கொண்டுபோகப் போவதில்லை.'

பெற்ற பெண்ணே வீட்டு மானத்தைத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாளே, அதுவும் யாரிடம்… இவளும் இதைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு வருடம் வாயைத் திறக்கவில்லை, திறந்திருந்தால் ஊரே சிரித்திருக்கும், ஸ்கேல் தன் பெண்ணுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்து மாட்டிக்கொண்டார் என்று. இவள் போட்ட பிச்சையில்தானா நடைகூடத்தில் அந்தப் படம் இன்னும் ஆணியில் தொங்குகிறது? அதற்காகவே போடலாம் ஒரு 'வேண்டாம்', போட்டாயிற்றே, பையில் இருக்கிறதே, எடுத்து நீட்டினால் முடிந்தது, கணக்குத் தீர்ந்தது… யார் கணக்கு? பையில் விட்ட விரல் படிவத்தின் மடிப்பில் நின்றது.

மாணவர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். நெட்டையன் தன் பச்சைத் தாளில் எதையோ அடித்துத் திருத்தி எழுதிவிட்டுக் கடைசியாகக் கொடுத்தான். அவள் தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே வந்து நின்றாள்.

"எழுதிட்டீங்களா சார்?"

எழுதியாயிற்று என்று வாய்வரை வந்தது, சொன்னால், இவ்வளவு நேரமும் பேனாவைத் திறக்காதவர் எப்போது எழுதினார் என்று அவள் கேட்க மாட்டாள், கேட்காமலே இருப்பாள், அதுதான் அவள் வழக்கம். இல்லை என்று சொன்னால் வேறு படிவம் கொண்டுவந்து வைப்பாள். காலையில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே மகள் சொன்னாள், "நல்லாப் பாத்துட்டு எழுதுங்கப்பா." விடாதீங்க, நல்லாக் குடுங்க என்று அவள் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்தார். ஆனால் அதற்கு முன்னால், காபி டம்ளரை எடுத்துவிட்டு மேசையைத் துடைத்தது அவள்தானே, ஈரம் படாமல் அந்தப் படிவத்தைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, 'வேண்டாம்' என்று எழுதி மை காய்ந்திருந்த படிவம், தேதியில் குறுக்குக் கோடு போட்ட ஒரு ஏழு… துடைத்து முடித்து, அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத்தான் வாசலுக்குப் போனாள்.