வண்டியை ஒப்படைக்கும் வரை

கோலமாவை விரலிடுக்கில் அள்ளியபோது செல்வாம்பாளின் கை நடுங்கவில்லை. அதுவே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. நடுங்கியிருந்தால் இழை கோணியிருக்கும். தெருவில் தண்ணீருக்குப் போகிற எவளாவது நின்று, "இன்னாக்கா, கோலம் இப்படி இழுத்துக்கினு போவுது?" என்று கேட்டிருப்பாள். கை என்னவோ தன் பாட்டுக்குப் புள்ளி வைத்தது, தன் பாட்டுக்கு வளைத்தது. உள்ளே கூடத்தில் அவள் புருஷன் காத்தவராயன் செத்துக் கிடந்தார்.

விடிவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. இரண்டு முறை மூச்சை இழுத்தார், மூன்றாவது வரவில்லை. மகள் சந்திரகலா "நைனா" என்று வாயைத் திறந்த அந்த நொடியே, முன்னறையில் படுத்திருந்த தணிகாசலம் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினான். அவன் காத்தவராயனின் தம்பி. அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்த நாளிலிருந்து இங்கேதான் அவனுக்குப் படுக்கை.

"அழாத. யாரும் அழாதீங்க அண்ணி. மத்தியானம் வரைக்கும்."

"இன்னாப்பா சொல்ற?"

"இன்னிக்குத்தான் கடைசி நாளு. வண்டியக் கொண்டுபோயி விட்டுட்டு வந்துடறேன். அதுக்கப்பறம் ஊரையே கூட்டி அழலாம்."

அவளுக்குப் புரிந்தது. அவ்வளவு சீக்கிரம் புரிந்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பெட்ரோல் விலை மறுபடியும் ஏறிய அந்த எண்பதாம் வருஷத்தில் அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருந்தது. எண்ணெயைக் குடித்துத் தீர்க்கும் பழைய வாடகைக் கார்களை ஒப்படைத்துவிட்டால், கண்ணெதிரிலேயே வெட்டிப் போட்டுவிட்டு, புது டீசல் காருக்கு மானியமும் பாங்குக் கடனும் தருவார்கள். படுத்த படுக்கையாகிவிட்ட காத்தவராயன், தன் சார்பில் தம்பி வண்டியைக் கொண்டுவந்து விடுவான் என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஆள் உயிரோடு இருக்கும்வரைதான் அந்த எழுத்துக்கு மதிப்பு.

"செத்தவர் வண்டிய எவன் வாங்குவான்? வாரிசுன்னு கோர்ட்டுக்கு அலையறதுக்குள்ள திட்டமே முடிஞ்சிடும். புது வண்டி வந்தா உங்களுக்குத்தான அண்ணி? நான் ஓட்டிக் குடுக்கிறேன். சந்திரகலாவ நினைச்சிப் பாருங்க."

சந்திரகலா சுவரோடு ஒட்டி உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். செல்வாம்பாள் மகளைப் பார்த்தாள். பிறகு எழுந்து, புடவைக் கிழிசல் ஒன்றால் புருஷனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, போர்வையை இழுத்து மூடினாள்.

"வாசல் தெளிச்சிக் கோலம் போட்டுடுங்க. அடுப்பு பத்த வெச்சிடுங்க. பொக வரலன்னா கேப்பாங்க" என்றான் தணிகாசலம்.

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான்.

தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது வண்டி. பிரெஞ்சுக்காரர்கள் புறப்பட்டுப் போன சமயத்தில் ஒரு துரை விட்டுப்போன பெரிய கார். முத்தியால்பேட்டையிலிருந்து ரயிலடிக்குப் போய்த் திரும்புவதற்குள் பெட்ரோல் பங்கில் நிற்கும். டாக்சி ஸ்டாண்டில் மற்றவர்கள் எல்லாம் டீசலுக்கு மாறிய பிறகும் காத்தவராயன் அதைக் கட்டிக்கொண்டு அழுதார். சவாரிப் பணத்தை அது குடித்தது. செல்வாம்பாளின் வளையல்களை அதன் இஞ்சின் தின்றது. "வித்துத் தொலைங்க" என்று அவள் கத்தாத மாதமில்லை.

கடைசியில் இந்தத் திட்டம் வந்த பிறகுதான் சரியென்றார். அதிலும் ஒரு பிடிவாதம். "நானே ஓட்டிக்கினு போய் விடுவேன். எழுந்து உக்காந்துட்டா போதும். வேற எவனும் ஸ்டீரிங்ல கைய வெக்கக்கூடாது." எழுதிக் கொடுத்த பிறகும் தம்பியைப் போக விடவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசி நாளில் விடியலுக்குமுன் போய்ச் சேர்ந்தார்.

வண்டி கிளம்ப மறுத்தது. தணிகாசலம் வியர்த்து வழிந்து தெருவில் இறங்கி ஆள் கூப்பிட்டான். எதிர்வீட்டு ஆதிமூலம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். அதே ஸ்டாண்டில் டாக்சி ஓட்டுகிறவன். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்தார்கள்.

"இன்னாக்கா, பொண்ண மாமியார் வூட்டுக்கு அனுப்பறீங்க, பெத்த அப்பன் வாசலுக்கு வரலியே?" என்றான் ஆதிமூலம், வண்டியைத் தட்டிக்கொண்டே.

"ராத்திரியெல்லாம் இருமலு. இப்பத்தான் தூங்குறாரு. எழுப்பாத."

"எழுப்பாம இத ஓட்டினு போனா அப்பறம் என்னத்தான் வெட்டுவாரு. இரு, ஒரு ஆரன் அடிக்கிறேன். எவன்டா அதுன்னு ஒரு கொரல் வருதா இல்லியா பாரு."

ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹார்னை அழுத்தினான். தெருமுழுக்க அந்தச் சத்தம் நீளமாக அடித்தது. இத்தனை வருஷத்தில் அந்த ஹார்னை வேறு யாரும் தொட்டு, காத்தவராயனிடம் வசவு வாங்காமல் போனதில்லை. எல்லோரும் சிரித்த முகமாக வீட்டு வாசலைப் பார்த்தபடி நின்றார்கள். செல்வாம்பாளும் திரும்பி உள்ளே பார்த்தாள். ஒரு கணம் அவளுமே அந்தக் குரலுக்காகக் காத்திருந்தாள்.

"நல்ல தூக்கந்தான்" என்றான் ஆதிமூலம், சற்று ஏமாற்றத்தோடு.

தள்ளினார்கள். "ஏ, சோறு தின்னியா இல்லியா, தள்ளுடா!" "கெழவிக்கு வெக்கண்டா, சாவப்போறமேன்னு!" என்று சிரிப்பும் கூச்சலுமாகத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே வண்டி இரண்டு முறை குலுங்கி, கரும்புகையைக் கக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கைதட்டினார்கள். தணிகாசலம் திரும்பிப் பார்க்காமல், பழைய வண்டிகளை ஒப்படைக்கும் ரெட்டியார்பாளையம் பக்கம் வண்டியை விட்டான்.

செல்வாம்பாள் உள்ளே வந்து அடுப்பில் உலை வைத்தாள். பிணம் கிடக்கிற வீட்டில் அரிசி கொதித்தது. வாசனை கூடத்துக்கு வந்ததும் சந்திரகலா கொல்லைக்கு ஓடிக் குமட்டினாள்.

"சத்தம் போடாத" என்றாள் செல்வாம்பாள். சொன்ன பிறகுதான், அது தணிகாசலத்தின் வார்த்தை என்பது உறைத்தது.

ஈ வரத் தொடங்கியிருந்தது. விசிறியை எடுத்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்தாள். இந்த மனுஷனைப் பார்த்து அழவேண்டிய நேரம் இது. இத்தனை வருஷமாக அழவைத்தவர்தான். மாமியார் வீட்டில் அழவைத்தார், வளையலைக் கழற்றும்போது அழவைத்தார், குடித்துவிட்டு வந்து வண்டிக்குள்ளேயே படுத்துக்கொண்ட ராத்திரிகளில் அழவைத்தார். தடையில்லாமல் அழலாம் என்றிருக்கும் ஒரே ஒரு நாளில், அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வண்டியில் அவள் ஒரே ஒரு தடவைதான் ஏறியிருக்கிறாள். சந்திரகலா பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது. சீட்டு பாழாகிவிடும் என்று கோணியை விரித்து, அதன்மேல் அவளை உட்காரச் சொன்னார். கோணியின் பிசிறு தொடையில் குத்தியது. கையில் பச்சைப்பிள்ளை. அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "சாஞ்சி உக்காராத, எண்ணெத்தலை" என்றார். இப்போது நினைத்தாலும் அவளுக்கு உடம்பெல்லாம் காந்தியது. அதைச் சொல்லி அவரோடு ஒருமுறையாவது நன்றாகச் சண்டை போட்டிருக்க வேண்டும். ஆறட்டும், உடம்பு தேறட்டும் என்று விட்டாள். எப்போதும் அவரிடம் எதையோ ஒன்றைத் தேறட்டும் என்று விட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

விசிறியை வேகமாக வீசினாள். அதன் ஓரம் அவர் மூக்கில் இடித்தது. முகம் அசையவில்லை.

நிமிர்ந்தபோது நடையில் அஞ்சலாட்சி நின்றுகொண்டிருந்தாள். ஆதிமூலத்தின் பெண்சாதி. நோயாளிக்கென்று கஞ்சி கொண்டுவந்திருந்தாள். எத்தனை நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் விசிறியைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். போர்வைக்கு அடியில் ஒன்றாகச் சேர்ந்திருந்த கால்களைப் பார்த்தாள்.

செல்வாம்பாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'கத்துடி' என்று மனசுக்குள் சொன்னாள். 'நீயாவது கத்து.'

அஞ்சலாட்சி கஞ்சியைத் தரையில் வைத்தாள். "தூங்கட்டும்க்கா" என்றாள் மெதுவாக. வெளியே போய், கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

உச்சிவெயிலில் தணிகாசலம் வந்தான். சட்டையெல்லாம் கிரீஸ். கதவைத் திறந்துகொண்டு வரும்போது முகத்தில் சிரிப்பு இருந்தது. கூடத்தைக் கண்டதும்தான் அதை மறைத்தான்.

"முடிஞ்சிது அண்ணி. கண்ணெதிர்லயே அறுத்துட்டானுங்க. ஒரு கையெழுத்துக்கூட பாக்கியில்ல."

"புது வண்டி எப்ப வருதாம்?"

"ஒரு மாசத்துல வந்துடும்."

"யாரு பேர்ல?"

தண்ணீர்ப் பானைப் பக்கம் போய், மொண்டு, முகத்தில் அடித்துக்கொண்டான். "என் பேர்லதான். பாங்குல ஒத்துக்கல. நோவாளிக்குக் கடன் தரமாட்டேன்னுட்டான். போன வாரமே மாத்தி எழுதியாச்சி."

"அவருக்குத் தெரியுமா?"

"படுத்துக் கெடக்கிற மனுசன்கிட்டப் போயி இதெல்லாம் எதுக்கு? யார் பேர்ல இருந்தா இன்னா, நான் இன்னா உங்கள வுட்டுடப் போறனா?"

"காலையில சொல்லலியே."

"காலையில இதப் பேசற நேரமா அண்ணி?" துண்டால் முகத்தைத் துடைத்தான். "சரி. இப்ப அழுங்க."

அவள் அழவில்லை. சந்திரகலா அழுதாள். அதைக் கேட்டுத் தெரு கூடியது. உள்ளே வந்த பெண்கள் செல்வாம்பாளைக் கட்டிக்கொண்டு மாரடித்தார்கள். நடுவில் அவள் கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள். "அதிர்ச்சி பாவம்" என்றது ஒரு குரல்.

குளிப்பாட்ட வேண்டும் என்று சட்டையைக் கழற்றினார்கள். கை மடங்கவில்லை. சொந்தத்தில் மூத்தவளான சின்னப்பாப்பா முழங்கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். தோளைத் தூக்கிப் பார்த்தாள். எத்தனையோ பிணத்தைக் குளிப்பாட்டியவள்.

"இப்பத்தான் போச்சின்னு சொன்னாங்களே..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

மாரடிப்பு ஓய்ந்தது. அஞ்சலாட்சி எழுந்து போய்க் கத்தரிக்கோல் கொண்டுவந்து கொடுத்தாள். சட்டையைக் கத்தரித்து எடுத்தார்கள். பிறகு யாரும் செல்வாம்பாளைக் கட்டிக்கொள்ளவில்லை. காலையில் அவள் வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தவர்கள் அவர்கள். வாசலில் கோலத்தை மிதித்துக்கொண்டுதான் உள்ளே வந்திருந்தார்கள்.

வெளியே பந்தலின்கீழ் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஊரே பிரெஞ்சு மரியாதையில் 'மெசியே' என்று கூப்பிடும் தேவதாஸ் வந்தார். 'மேரி' என்று ஊர் சொல்லும் நகராட்சி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தத் தெருவில் யார் இறந்தாலும் மேரிக்குப் போய்ச் சொல்லி எழுதிவைப்பது அவர்தான். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கம், தேதியோடு நேரமும் சொல்லியாக வேண்டும். கூடவே சாட்சிக்கு ஆள் வேண்டும். அவர் ஒருநாளும் பொய்யாக ஒரு நேரத்தைச் சொன்னதில்லை என்பது அவருக்குப் பெருமை.

"எத்தினி மணிக்குப்பா?"

"பன்னெண்டுக்கு மேல மெசியே தேவதாஸ். நான் வண்டிய வுட்டுட்டு வூட்டுக்குள்ள கால் வெக்கிறேன், போயிட்டாரு. எனக்காவக் காத்துக்கினு இருந்த மாதிரி" என்றான் தணிகாசலம். குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அது நடிப்பில்லை என்பதுதான் செல்வாம்பாளுக்கு இன்னும் எரிந்தது.

"கூட இருந்தது யாரு? அம்மாவத்தான கேக்கணும்" என்றார் தேவதாஸ்.

தணிகாசலம் வாசற்படி ஏறி வந்தான். குனிந்து, துக்கம் விசாரிப்பவன்போல அவள் காதோரம் பேசினான். "பன்னெண்டரன்னு சொல்லிடுங்க. மாத்திச் சொன்னீங்கன்னா பழைய வண்டியும் போச்சி, புதுசும் போச்சி. நடுத்தெருவுலதான் நிக்கணும்."

அவள் எழுந்தாள். பெண்கள் வழிவிட்டார்கள். நிலைப்படியில் வந்து நின்றாள். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஆதிமூலம் நின்றான். ஸ்டாண்டுக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள்.

"விடியறதுக்கு முன்னாடி" என்றாள் செல்வாம்பாள்.

"அண்ணி!"

"விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாருங்க. அழக்கூடாதுன்னு சொன்னாங்க. அழாம இருந்தேன். சோறாக்கச் சொன்னாங்க. ஆக்கனேன்."

"அவங்களுக்குப் புத்தி கலங்கிடுச்சி மெசியே. பாக்கறீங்க இல்ல, ஒரு சொட்டுத் தண்ணி வருதா கண்ணுல?"

ஆதிமூலம் காலையில் ஹார்னை அழுத்திய கையை லுங்கியில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான்.

தேவதாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். "எனக்கு நீ இன்னாத்துக்குச் சொல்றன்னு தெரியாதும்மா. தெரியவும் வேணாம். நான் அங்க போயி இதத்தான் சொல்லுவேன். சொல்லட்டுமா?"

"அதையே சொல்லுங்க."

"சாட்சி?"

பின்னாலிருந்து அஞ்சலாட்சியின் குரல் வந்தது. "நான் வர்றேன். நான் காலையில பாத்தேன்." அவள் செல்வாம்பாளைத் தாண்டிப் படியிறங்கினாள். ஆதிமூலம் பெண்சாதியை வெறித்துப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

தேவதாஸ் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். அஞ்சலாட்சி பின்னால் போனாள். தணிகாசலம் அவர்கள் பக்கவாட்டில் ஓட்டமும் நடையுமாக, கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டே போனான். குடை திரும்பவில்லை.

தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள் செல்வாம்பாள். அதுவரை தெரியாத தாகம் எடுத்தது. உள்ளே போய்ச் சொம்பு நிறைய மொண்டாள். நின்றபடியே அண்ணாந்து, கழுத்தும் ரவிக்கையும் நனைய, முழுவதையும் குடித்து முடித்தாள். பிறகு இன்னொரு சொம்பு மொண்டாள்.