கெட்சப் மணி

முப்பத்தொரு வருடமாக அந்த மணியை எனக்குப் பிடிக்காது. அதைக் கொண்டுவந்து ஸ்பைரோ கடையில் மாட்டியது என் புருஷன் நார்ப்தான் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்காது.

நார்ப் சரக்கு ரயில் யார்டில் பெட்டி கோக்கிற வேலை பார்த்தவன். பழைய எஞ்சின் ஒன்றை உடைக்க அனுப்பினார்கள். அதிலிருந்த பித்தளை மணியைக் கெஞ்சிக் கேட்டு வாங்கினான். ஒரு வாரம் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஜோலியட் ஊருக்குப் போகிற பழைய நெடுஞ்சாலையில் இருக்கிற ஸ்பைரோவின் ஹாட் டாக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். பணம் வாங்குகிற ஜன்னலுக்கு மேலே மாட்டி, கயிறும் கட்டிவிட்டான். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் ஒரு அலமாரிக்கு அவன் ஆணி அடித்ததில்லை.

மணி எதற்கு என்றால், கெட்சப்புக்கு. எங்கள் பக்கத்தில் ஹாட் டாக்கில், அதாவது பன்னுக்குள் வைத்த சாசேஜில், கெட்சப் போடக் கூடாது. கடுகு சாஸ் உண்டு, வெங்காயம் உண்டு, வெள்ளரி ஊறுகாய் உண்டு, கண்ணில் நீர் வரவழைக்கும் குட்டி மிளகாய் உண்டு, இரண்டு துண்டு தக்காளிகூட உண்டு. அதே தக்காளியை அரைத்துச் சர்க்கரை சேர்த்தால் மட்டும் மகா பாவம். பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு மன்னிப்பு உண்டு. அதற்கு மேலே யார் கேட்டாலும் ஜன்னலில் இருப்பவர் கயிற்றை இழுப்பார். கடையில் இருக்கிற அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "வெட்கக்கேடு" என்று ஒரே குரலில் கத்துவார்கள். சட்டம் போட்டவன் நார்ப். எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்துகிறவனும் அவன்தான். ஒஹாயோவிலிருந்து வந்த என் தங்கை புருஷனுக்கு ஒரு தடவை மணி அடித்தார்கள். அந்த மனுஷன் முகம் சிவந்து காரில் போய் உட்கார்ந்துகொண்டான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே அவன் வரவில்லை. நார்ப் அதை வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

போன இலையுதிர் காலத்தில் நார்ப்புக்குத் தொண்டையில் கேன்சர் என்றார்கள். முப்பத்தைந்து நாள் கதிர்வீச்சு. ஜனவரியில் முடிந்தது. கேன்சர் போய்விட்டது என்றார்கள். அதோடு எச்சிலும் போய்விட்டது, ருசியும் போய்விட்டது, குரலில் பாதியும் போய்விட்டது. காரம் பட்டால் வாய் எரிந்தது. காய்ந்த எதுவும் உள்ளே இறங்கவில்லை. நான் சூப் வைத்தேன், கஞ்சி வைத்தேன், ஓட்ஸை அரைத்துக் கொடுத்தேன். இரண்டு கரண்டி வாங்குவான், தலையைத் திருப்பிக்கொள்வான். கிண்ணத்தைப் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருப்பேன். பெல்ட்டில் அவனே கத்தியால் புது ஓட்டை போட்டுக்கொண்டான், மூன்று முறை.

யார்டு நண்பர்களுக்கு இது எதுவும் தெரியாது. அரிசோனாவில் மகள் வீட்டில் இருக்கிறோம் என்று போனில் செய்தி அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிற யார்டு நண்பன் வெர்ன் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று பகலில்கூடத் திரையை இழுத்து விட்டோம். குளிர்காலம் முழுவதும் சொந்த வீட்டில் திருடர்கள் மாதிரி இருந்தோம்.

மார்ச்சில் ஒரு நாள் துணி துவைக்கக் கீழ்த்தளத்துக்குப் போனேன். சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒரு கெட்சப் பாட்டில், முக்கால்வாசி காலி. மேலே வந்து அதை மேஜையில் வைத்தேன்.

"இனிப்பு மட்டும் கொஞ்சம் தெரியுது, லூ," என்றான். "முட்டையில ஊத்திக்கிட்டா வழுக்கிட்டு இறங்குது. யார்கிட்டயும் சொல்லாத."

"யார்கிட்ட சொல்லப் போறேன்? போப்பாண்டவர்கிட்டயா?"

"வெர்ன் பொண்டாட்டிகிட்ட."

ஒரு மனுஷன் உயிர் பிழைக்க ஒரு வழி கண்டுபிடித்து, அதைச் சோப்புத்தூளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பாட்டிலாலேயே அவன் தலையில் ஒன்று போட்டிருப்பேன்.

முட்டையை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? மே மாதம் முதல் புதன்கிழமை டாக்டரம்மா அவனை எடைபார்க்கும் கருவியில் ஏற்றினாள், இறக்கினாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னும் ஒரு வாரம் பாக்கிறேன், மிஸ்டர் ஸிலின்ஸ்கி. அதுக்குள்ள கெட்டியா ஏதாவது ஒரு வேளைச் சாப்பாடு முழுசா உள்ள போகணும். இல்லைன்னா அடுத்த புதன்கிழமை வயித்துல குழாய் வச்சிடுவோம்."

அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். வீட்டு வாசலில்தான் சொன்னான். "குழாய் வச்சா அதுக்கப்புறம் நான் சாப்பிட மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். அப்படியே விட்டுடுவேன்." கதவைத் திறந்துகொண்டே, "சனிக்கிழமை எல்லாரும் ஸ்பைரோ கடைக்குப் போறாங்க. நானும் வரேன்னு வெர்னுக்கு அனுப்பு. அங்க உக்காந்தா நான் சாப்பிட்டுடுவேன்," என்றான்.

மே மாதம் முதல் சனிக்கிழமை யார்டு ஆட்கள் அங்கே கூடுவது வழக்கம். சனிக்கிழமை காலை என் கைப்பையில் ஆறு கெட்சப் பொட்டலங்களைப் போட்டேன். கிளம்பும்போது நார்ப் என் பையைத் திறந்து, விமான நிலையத்தில் சோதனை போடுகிறவன் மாதிரி துழாவி, ஆறையும் எடுத்துச் சமையலறை மேஜையில் வரிசையாக வைத்தான்.

"எல்லாம் போட்டுத்தான் சாப்பிடுவேன். எப்பவும் போல."

"எரியும்."

"எரியட்டும்."

"அப்போ எதுக்குப் போறோம்? வெர்னுக்கு வேடிக்கை காட்டவா?"

அவன் சட்டையின் கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துவிட்டான்.

கடை அப்படியேதான் இருந்தது. சரளைக்கல் தரை, சிவப்பு பெயின்ட் அடித்த மர மேஜைகள், லாரிகள் போகும்போது ஆடுகிற பெயர்ப்பலகை. ஸ்பைரோ காலமாகிவிட்டார். அவர் மகன் டீனோ ஜன்னலில் இருந்தான். வெர்ன், அவன் மனைவி ஆர்லீன், ஹெக்டர் ஸமோரா, இன்னும் ஏழெட்டுப் பேர் இரண்டு மேஜைகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"டேய், யாருடா இது ஒட்டடைக்குச்சி?" என்றான் வெர்ன். "அரிசோனாவுல சோறு போடலையா?"

"வெயில்டா. உருக்கிடுச்சு," என்றான் நார்ப்.

"குரல் என்ன இப்படி?"

"சளி."

"அரிசோனாவுல எவனுக்குடா சளி பிடிக்குது?" என்று ஹெக்டர் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். ஆர்லீன் என் காதோரம் குனிந்து, "எப்படி இளைச்சாரு, சொல்லேன். எனக்கும் இருபது பவுண்டு குறையணும்," என்றாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

ஹெக்டர் போய் எல்லாருக்கும் வாங்கி வந்தான். நார்ப் முன்னால் ஒரு பொட்டலம் விழுந்தது. பிரித்தான். கடுகு சாஸும் மிளகாயும் ஊறுகாயும் மேலே ஏறி உட்கார்ந்திருந்தன. எல்லாரும் பார்க்கிற மாதிரி பெரிதாக ஒரு கடி கடித்தான்.

மென்றான். இன்னும் மென்றான். கண்ணில் நீர் வந்தது. மேஜைக்கு அடியில் அவன் கை என் முழங்காலைப் பிடித்தது. அவ்வளவு பலம் அந்தக் கையில் மிச்சமிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

"மிளகாய் ஏறிடுச்சு பார் கிழவனுக்கு," என்றான் வெர்ன்.

நார்ப் இருமுகிற மாதிரி காகித நாப்கினை வாயில் வைத்தான். வாயிலிருந்ததைத் துப்பி, மடித்து, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு வெர்ன் சொன்ன எதற்கோ சிரித்தான். மறுபடி கடித்தான். மறுபடி நாப்கின். மூன்றாவது நாப்கின் பைக்குள் போனபோது எனக்குள்ளே ஏதோ அறுந்துபோனது. புதன்கிழமைக்கு நான்கு நாள் இருக்கிறது. இவன் உயிரை மென்று மென்று பையில் போட்டுக்கொண்டிருக்கிறான், இந்தத் தடியன்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காக.

எழுந்து ஜன்னலுக்குப் போனேன்.

"ஒரு ஹாட் டாக். வேற எதுவும் வேண்டாம், கெட்சப் மட்டும். பன் நனையற அளவுக்கு."

டீனோ எட்டிப் பார்த்தான். "பேரப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா, ஆன்ட்டி?"

"இல்லை. பெரிய ஆளுக்கு."

அவன் முகத்தில் சிரிப்பு பரவியது. கை மேலே போனது.

"டீனோ, வேண்டாம்," என்றேன்.

"சட்டம் ஆன்ட்டி. உங்க வீட்டுக்காரர் போட்டது." இழுத்தான்.

ரயில் எஞ்சின் மணி. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம்கூடக் கேட்கும். எல்லாத் தலைகளும் திரும்பின. "வெட்கக்கேடு" என்று இருபது முப்பது பேர் கத்தினார்கள். தெரியாதவர்களும் சேர்ந்து கத்தினார்கள். நார்ப் கத்தவில்லை. தலையை மட்டும் மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினான், என்னைப் பார்த்து. சொல்லிவிடாதே என்று.

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போதும் என்மேலேயே எனக்குக் கோபம்தான். "எனக்குத்தான். என்ன இப்போ?" என்றேன்.

பொட்டலத்தோடு மேஜைக்குத் திரும்பினேன். வெர்ன் எழுந்து நின்று கைதட்டினான். "நார்ப் வீட்டுக்குள்ளேயே துரோகி. எத்தனை வருஷமா நடக்குது இது?"

"வெர்ன், நீ உக்காரு. இல்லைன்னா இதை உன் மூஞ்சியில தேய்ச்சிடுவேன்."

"ஐயோ, கோபத்தைப் பாரு. நார்ப், சட்டம் போட்டவன் நீ. தீர்ப்பு சொல்லு. உன் பொண்டாட்டியை என்ன பண்ணலாம்?"

எல்லாரும் நார்ப்பைப் பார்த்தார்கள். அவன் முன்னால் இருந்த ஹாட் டாக்கைக் காகிதத்தோடு சுருட்டினான். மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கோட்டு அவன் தோளில் தொங்கியது. சரளைக்கல்லில் ஒவ்வோர் அடியாக வைத்து ஜன்னலுக்கு நடந்தான்.

"ஒண்ணு குடு, டீனோ. கெட்சப்போட. நெறைய."

கரகரத்த அந்தக் குரல் மேஜை வரைக்கும் கேட்டது. ஹெக்டர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். டீனோ கயிற்றுப் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? அடி."

"அங்கிள், விளையாடறீங்களா?"

"சட்டம்னா எல்லாருக்கும்தான். அடிடா."

டீனோ அசையவில்லை. நார்ப் கையை உயர்த்தி அவனே கயிற்றைப் பிடித்தான். கை தூக்கியதில் சட்டைக் கழுத்து இறங்கியது. கதிர்வீச்சில் வெந்து கறுத்துப்போன தோல் பட்டையாகத் தெரிந்தது. இரண்டு தடவை இழுத்தான்.

மணி ஓய்ந்தது. யாரும் கத்தவில்லை. ஒரு லாரி போனது, பெயர்ப்பலகை ஆடியது.

"கத்துங்கடா," என்றான் நார்ப். "ஒஹாயோக்காரனுக்குக் கத்தினோம் இல்ல? இப்பதான் என் பொண்டாட்டிக்குக் கத்தினீங்க இல்ல?"

வெர்ன் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நார்ப், என்னடா அது?"

"கேன்சர். போயிடுச்சு. முதல்ல கத்துங்க, அப்புறம் சொல்றேன்."

ஹெக்டர்தான் ஆரம்பித்தான். "வெட்கக்கேடு" என்று தனியாகச் சொன்னான், சத்தமே வரவில்லை. பிறகு இன்னும் இரண்டு பேர். ஜெபக்கூட்டத்தில் முணுமுணுக்கிற மாதிரி இருந்தது. வெர்ன் சேர்ந்துகொள்ளவில்லை. என்னிடம் திரும்பி, "அரிசோனான்னு சொன்னியே லூசில்," என்றான்.

"ஆமா. சொல்லச் சொன்னான், சொன்னேன். உங்களுக்குப் பயந்துதான். உங்க இளிப்புக்குப் பயந்து திரையை இழுத்து விட்டுட்டு இருட்டுல உக்காந்திருந்தோம், நாலு மாசம். இப்ப நிம்மதியா இரு."

வெர்ன் பெஞ்சில் உட்கார்ந்தான்.

நார்ப் வந்து உட்கார்ந்தான். காகிதத்தைப் பிரித்தான். பன் சிவப்பாக ஊறியிருந்தது. சின்னதாகக் கடித்தான், மென்றான், தண்ணீர் குடித்தான், விழுங்கினான். விழுங்கும்போது கழுத்து ஏறி இறங்குவதை மேஜை முழுவதும் பார்த்தது. "அந்தப் பக்கம் பாருங்கடா, என்ன சினிமாவா," என்றான். உடனே எல்லாரும் வேறு எதையோ பார்த்துக்கொண்டு யார்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு ஹாட் டாக் சாப்பிட அவனுக்கு ஐம்பது நிமிடம் ஆனது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கோட்டுப் பைக்கு அவன் கை போகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை. கடைசித் துண்டையும் விழுங்கிவிட்டு விரலை நக்கினான்.

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். நான் வாங்கின ஹாட் டாக் பிரிக்காமல் என் மடியிலேயே இருந்தது. பாதி வழி வரை பொறுத்தேன்.

"நாலு மாசம் கிண்ணத்தைத் தூக்கிட்டு உன் பின்னாடி நடந்தேன். எனக்காக ஒரு கரண்டி இறங்கலை. அந்த வெர்ன் முன்னாடி முழுசா இறங்குது."

"அவனுக்காக இல்லை," என்றான். "உனக்கு மணி அடிச்சாங்க. அது பொறுக்கலை."

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். கோபம் குறையவில்லை. குறைந்துவிட்டது என்று அவன் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக வேகத்தைக் கூட்டினேன்.

சிக்னலில் நின்றபோது அவன் கை என் மடிக்கு வந்தது. "அது ஆறிப்போயிருக்குமா?"

"ஆறித்தான் போயிருக்கும்."

"பரவாயில்லை, குடு." பிரித்து ஒரு கடி கடித்தான். வாயில் வைத்துக்கொண்டே, "புதன்கிழமை டாக்டரம்மாகிட்ட சொல்லிடு, குழாய் வேண்டாம்னு," என்றான்.

"நீயே சொல்லு," என்றேன். "இனிமே உனக்காக நான் யார்கிட்டயும் எதுவும் சொல்றதா இல்லை."