உள்ளுக்குள் அழுபவர் என்றொரு குறிச்சொல்

1.

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. ஹஸீனா கொடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈசூன் நூலகத்தில் நான் கதை சொல்லி முடித்தபின், கேட்க வந்தவர்களில் அவள் மட்டும் போகாமல் நின்றாள்.

“ஆன்ட்டி, உலகத்துலயே இல்லாத ஒரு பொண்ணால என் ஃபிரண்டு என்கூடப் பேச மாட்டேங்கிறா. இதுல கதை இருக்கா?”

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. நீங்களே பாருங்கள்.

2.

முதல் தொடக்கம்: “டன்லப் ஸ்திரீட்டில் மழை பெய்துகொண்டிருந்தது. ஆரணி குடையை மடக்கி”

[மழை வேண்டாம். இந்த ஊரில் கதை எழுத உட்காருகிறவர்கள் எல்லாரும் மழையை வரவழைத்துவிடுகிறோம்.]

இரண்டாம் தொடக்கம்: “ஆரணி கல்நெஞ்சுக்காரி என்று அவள் சின்னம்மா”

[இதை எழுதியதும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இந்தக் கதையில் சண்டையே இதைப் பற்றித்தான். முதல் வரியிலேயே நான் தீர்ப்புச் சொல்லலாமா?]

சரி, நேராகவே வருகிறேன். ஹஸீனாவுக்குக் கிளமெண்டியில் வீடு, ஆரணிக்குக் காத்தோங்கில். இருவருக்கும் முப்பதுக்குக் கொஞ்சம் மேலே வயது. ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்கள் எல்லாவற்றையும் தொகுத்து வைக்கும் ஓர் இணையதளத்தில் இருவரும் சம்பளமில்லாமல் வேலை செய்கிறார்கள். அங்கே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குணம் எழுத வேண்டும். முன்கோபி, கூச்ச சுபாவம், ஓயாமல் சாப்பிடுபவர், இப்படி. அதற்குக் குறிச்சொல் என்று பெயர். ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் விளக்கம் உண்டு. குறிச்சொல்லையோ விளக்கத்தையோ மாற்ற வேண்டுமானால் எல்லாரும் பார்க்கும் பக்கத்தில் வாதாட வேண்டும், ஆதாரம் காட்ட வேண்டும்.*

* எனக்கு இது முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம், எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது நாங்கள் பேசுவதும் இதுதானே என்று நினைத்துக்கொண்டேன். ஆதாரம் மட்டும் நாங்கள் காட்டுவதில்லை.

3.

வம்புக்குக் காரணமானவள் சுமியே. தொடரில் அவளுக்கு வேறு பெயர், நான் மாற்றியிருக்கிறேன். அம்மா இறந்த வீட்டில் அவள் ஓரமாக உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கிறாள். அழவில்லை. தளத்தில் அவளுக்கு ‘உணர்ச்சியற்றவர்’ என்று இருந்தது. அதை எடுத்துவிட்டு ‘உள்ளுக்குள் அழுபவர்’ என்று புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டும் என்றாள் ஹஸீனா. தேக்காவில் நாகூர் கனி பாய் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் இருவரும் மாதா மாதம் சந்திப்பார்கள். பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது.

“அம்மா செத்துக் கெடக்காங்க, இவ பழம் உரிக்கிறா. யார் லா அப்படி இருப்பா? கண்டிப்பா உள்ள அழறா.”

“ஸ்கிரீன்ல என்ன தெரியுது?”

“ஆரஞ்சு.”

“அப்ப ஆரஞ்சு உரிச்சான்னு எழுது.”

“அது குணம் இல்ல ஆரணி, அது சம்பவம். சம்பவத்துக்கெல்லாம் டேக் போட முடியாது. அப்ப என்ன, உணர்ச்சியற்றவர்னே விட்டுடலாமா?”

“அதுவும் வேணாம். அழலன்னு போடு. அவ்ளோதான். ஏன் அழலன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

தேநீர் கொண்டு வந்த பாய் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “யாரும்மா மவுத்து?”

“கார்ட்டூன்ல, பாய்.”

“அட போங்கம்மா! நான் பயந்துட்டேன். ரொட்டி ஆறுது, சாப்பிடுங்க.”

அன்றைக்குச் சிரித்துவிட்டுத்தான் பிரிந்தார்கள்.

4.

தவறு அடுத்த நாள் நடந்தது. அந்தத் தளத்தில் மூழ்கிக் கிடப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. விவாதப் பக்கத்தில் ஆதாரம் என்ற இடத்தில் தொடரின் காட்சியைக் காட்ட வேண்டும். ஹஸீனா ஒரு மனுஷியைக் காட்டினாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள், என் வாய்க்கு வந்த தமிழில் சொல்கிறேன்:

“எனக்குத் தெரிந்த ஒருத்தி தன் அப்பாவின் இறுதிச் சடங்கில் அழவில்லை. வந்தவர்களுக்குப் பாக்கெட் பானம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவள் உள்ளுக்குள் நொறுங்கிப் போயிருந்தாள். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.”

எங்கெங்கோ இருப்பவர்களெல்லாம் அதற்கு இதயம் போட்டார்கள். பிரேசிலிலிருந்து யாரோ, படித்து அழுதுவிட்டேன் என்று எழுதினார். அதற்குக் கீழே ஆரணியின் ஒரு வரி:

“அந்த ஒருத்தி நான்தான். நான் நொறுங்கவில்லை.”

ஹஸீனா பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தாள். “உன்னைத் தப்பா ஒண்ணும் எழுதலையே டி. நல்லவிதமாத்தானே எழுதினேன்?”

“எங்க சின்னம்மா மண்டாய் சுடுகாட்டுல எல்லார் முன்னாடியும் என்னைக் கல்நெஞ்சுக்காரின்னாங்க. அதுகூடப் பரவால்ல. அவங்க என்னைப் பார்த்துட்டுத் திட்டினாங்க. நீ பக்கத்துல நின்னும் பார்க்காமலே பாராட்டிட்ட.”

வைத்துவிட்டாள். அடுத்த மாதம் கடைக்கு வரவில்லை. அதற்கடுத்த மாதமும்.

5.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஆரணியை நான் நம்பவில்லை. அவளுக்காக இப்படி ஒரு முடிவு எழுதினேன்:

“வீட்டுக்கு வந்தவள் அப்பாவின் அலமாரியைத் திறந்தாள். மடித்து வைத்திருந்த சட்டையை முகத்தில் வைத்து”

[வைத்து, என்ன? அழுதாள் என்றுதானே எழுதப் போனேன். ஆரணி கண்ணே, உனக்கு ஹஸீனா செய்ததையே நானும் செய்கிறேன்.]

அப்புறம் வேறு வழியில் போனேன். அப்பா கொடுமைக்காரர், அதனால்தான் அழவில்லை. அப்படி வைத்தால் கதை கச்சிதமாக நிற்கும். ஹஸீனாவிடமே கேட்டேன், அவர் எப்படிப்பட்டவர் என்று.

“ராஜசிங்கம் அங்கிளா? சூப்பரா இருப்பார் ஆன்ட்டி. என்னை எங்க பார்த்தாலும் ஐஸ் கச்சாங் வாங்கிக் குடுப்பார். ஐஸுக்கு அடியில இருக்கிற செவப்பு பீன்ஸை மட்டும் அவர் எடுத்துக்குவார்.”

அதோடு அந்த வழியும் அடைந்துபோனது. நல்ல அப்பா, அன்பான மகள், அவள் அழவில்லை. காரணம் என்று ஒன்றை எங்கே செருகினாலும் அது பொய்யாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. கதை கேட்க வருகிறவர்கள் கைக்குட்டையை எடுப்பதைப் பார்த்துத்தான் நான் இத்தனை காலமாகக் கதை நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொண்டிருக்கிறேன். இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

6.

சில வாரங்கள் கழித்து ஹஸீனா மறுபடி வந்தாள். விவாதப் பக்கத்தில் எழுதியதை அழிக்க முடியாதாம். அதன் குறுக்கே கோடு போட்டிருக்கிறாள். புதிய குறிச்சொல்லுக்குப் போட்ட தன் வாக்கையும் திரும்ப எடுத்துக்கொண்டாளாம். பழையதையும் எடுத்துவிட்டார்களாம், சுமியேவுக்கு இப்போது எந்தக் குறிச்சொல்லும் இல்லை. “கோடு போட்டுட்டேன். வரியா?” என்று மட்டும் ஆரணிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். ஆரணி வந்திருக்கிறாள்.

பாய் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து வெகுநேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்களாம்.

“சாரி டி.”

“சாரியெல்லாம் வேணாம் லா.”

அப்புறம் ஹஸீனா கேட்டாளாம்: “அன்னைக்கு உனக்கு எப்படி இருந்துச்சு? உன் பக்கத்துலயேதான் நின்னேன். நான் கேக்கவே இல்லல்ல?”

ஆரணி அவளை ஏற இறங்கப் பார்த்திருக்கிறாள். “எழுதுறதுக்குக் கேக்குறியா?”

“இல்ல. தெரியல, அதான் கேக்குறேன்.”

ஆரணி கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தாளாம்.

“என்ன சொன்னா?” என்றேன் நான். சொல்லும்போதே என் உடம்பு முன்னால் சாய்ந்துவிட்டது.

ஹஸீனா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “அதை மட்டும் கேக்காதீங்க ஆன்ட்டி.”

7.

என்னிடம் அந்த இடத்துக்குப் பொருத்தமான பதில்கள் மூன்று தயாராக இருக்கின்றன. இரண்டைக் கேட்டால் உங்கள் கண் கலங்கும், அது எனக்கு நிச்சயம். எதையும் எழுதப் போவதில்லை.

ஆனால் உங்களையும் எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தை மூடுவதற்குள் ஒரு பதிலை நீங்களே வைத்துவிடுவீர்கள், என் செல்லங்களா. நான் கையைப் பிடித்துத் தடுக்கவா முடியும்? கொஞ்ச நேரம் மட்டும் பொறுங்கள். பாய் கடையில் கூட்டம், சத்தம். தள்ளி நாம் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு எதுவும் கேட்கவில்லை. ஆரணி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.