மேடையில் ஒன்பது பாத்தி

மூன்று வருடமாக அந்தப் புத்தகத்தை டைப் அடித்தவள் நான். எங்கள் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலை மையம் ஜூலை கடைசியில் அச்சடிக்கும் சீசன் புத்தகம் அது. ஆகஸ்டில் தொடங்கி மார்ச் வரை எந்தச் சனிக்கிழமை யார் கச்சேரி, யார் நடனம், எந்த ஊர் நாடகம் என்று வழவழத் தாளில் முப்பத்திரண்டு பக்கம் வரும். தார்வாடிலிருந்து சிதார் வரும், பாரிஸிலிருந்து பியானோ வரும், கொல்கத்தாவிலிருந்து ஒரு நாடகக் குழு மூட்டை முடிச்சோடு வந்து இறங்கும். முப்பத்தைந்து கிலோமீட்டர் வடக்கே இருக்கிற மரக்காணத்திலிருந்து மட்டும் ஒரு பெயர் வந்ததில்லை. நான் தினமும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தேன், பஸ்ஸில் நின்றபடி. அதெல்லாம் புத்தகத்தில் ஏறுமா என்ன.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும்; போகத்தான் நேரமாகும். இந்தக் கோபம் மூன்று வருடமாகப் போகவில்லை.

2005 ஜூலையில் டெல்லி நடனக் குழு ஒன்று வர முடியாது என்று கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலி. மையத்தின் தலைவர் பேராசிரியர் ராஜவேல் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் மேடையில் ஒரு இம்மி பிசகினால் அவர் குரல் கூரையைத் தொடும். அவரிடம் போய், எங்கள் ஊரில் உப்பளத்துப் பெண்கள் போடுகிற நாடகம் ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் சண்டைக்கு நிற்பதுபோல இருந்தது எனக்கே கேட்டது.

அவர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை மதியம் தேர்வுக் குழு கூடுகிறது, அழைத்து வா, பிடித்திருந்தால் அந்தச் சனிக்கிழமை அவர்களுக்கு, இல்லையென்றால் வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். புதன்கிழமை புத்தகம் அச்சுக்குப் போயாக வேண்டும்.

நாடகத்தைக் கட்டியவள் என் அண்ணி லூர்துமேரி. இருபத்திரண்டு வருடமாக உப்பளத்தில் வேலை செய்கிறவள். முந்தின டிசம்பரில் சுனாமி வந்து உப்பு விளைகிற பாத்திகளில் சேற்றை ஏற்றிவிட்டுப் போனது. தை மாதம் தொடங்க வேண்டிய வேலை சித்திரை வரை தள்ளிப்போயிற்று. வேலையில்லாத அந்த மூன்று மாதத்தில், உட்கார்ந்து அழுவானேன் என்று அண்ணியும் ஏழு பெண்களும் சேர்ந்து நாடகம் பழகினார்கள். கதை எளிது. ஒரு உப்பள முதலாளி, வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்க மாட்டார். அவர் மகன் கல்யாணத்தன்று ஊர்ப் பெண்கள் யாரும் பந்திக்கு உப்புத் தரமாட்டோம் என்கிறார்கள். முதலாளியாக நடிக்கிறவள் அஞ்சம்மாள். கண் மையில் மீசை வரைந்துகொண்டு, உப்பில்லாத சாம்பாரை அவள் முதல் வாய் வைக்கிற முகத்தைப் பார்த்துச் சிரித்துப் புரையேறாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது.

விஷயத்தை அண்ணியிடம் சொன்னேன். அவள் முறத்தை எடுத்து அரிசி புடைக்க ஆரம்பித்தாள். புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"மரக்காணத்துல இன்னா இருக்குதுன்னு கேட்டா உப்பு இருக்குதும்பாங்க. அத வாருனவ பேரு எவன் வாயிலயும் வராது. அந்தப் புக்குல எங்க எட்டுப் பேரு பேரும் வரணும் பிரியா. வேற ஒண்ணும் வேணாம்."

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: கலைஞர்கள் பயிற்சி பெற்ற இடம், ஆண்டுகள். உப்பளம், இருபத்திரண்டு வருஷம்னு எழுது என்றாள் அண்ணி. அப்படியே எழுதினேன்.

திங்கட்கிழமை காலை வெயிலுக்கு முன்னால் உப்பு வாரி முடித்துவிட்டு, குளித்து, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு எட்டுப் பேரும் பஸ் ஏறினார்கள். கூடவே ஒரு அண்டா, நாலு கரண்டி, ஒரு கட்டு வாழை இலை. மதியம் இரண்டு மணிக்கு அரங்கத்துக்குள் நுழைந்ததும், ஏசி குளிரில் அஞ்சம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

எங்கள் மேடை மரப்பலகை மேடை. விளக்கைக் கவனிக்கிற மரியதாஸ் அதில் வெள்ளை டேப் ஒட்டி ஒன்பது கட்டம் போட்டு வைத்திருப்பார். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே ஒரு விளக்கு. கட்டத்துக்குள் நின்றால் முகம் பளிச்சென்று தெரியும், டேப் மேல் நின்றால் இருட்டு. வருகிற குழுக்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம் என்பதால் அதை இவர்களுக்குச் சொல்ல வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை.

விளக்கு எரிந்தது. எட்டுப் பேரும் வரிசையாக மேடைக்கு வந்தார்கள். வந்தவர்கள் டேப் மேலேயே நடந்தார்கள். ஒரு காலுக்கு முன்னால் ஒரு காலை வைத்து, இடுப்பில் அண்டாவோடு, துளிகூடத் தடுமாறாமல். ஒன்பது கட்டமும் வெள்ளை வெளேரென்று காலியாகக் கிடந்தன. எட்டு முகமும் இருட்டில் இருந்தன. அஞ்சம்மாளின் மீசை வீணாகிக்கொண்டிருந்தது.

கட்டத்துக்குள் நில்லுங்கள் என்றார் ராஜவேல் சார். சரி என்று தலையாட்டிவிட்டு அரை அடி எடுத்து வைத்தார்கள். அடுத்த வசனத்தில் கால்கள் தானாகக் கோட்டுக்குத் திரும்பிவிட்டன. இரண்டாவது முறையும் சொன்னார். மூன்றாவது முறை குரல் கூரையைத் தொட்டது. தேர்வுக் குழுவில் ஒருவர் வாட்ச்சைப் பார்த்தார். இன்னொருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார்.

எனக்கு மானம் போயிற்று. மேடைக்கு ஓடினேன். மூன்று வருடம் காத்திருந்து வாங்கிய இருபது நிமிஷம் இது, சொன்னால் காதில் விழாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணியைத் திட்டினேன். அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"பாத்தி கட்டி வச்சிருக்காங்க. உள்ள வெள்ளையா வெளஞ்சு நிக்குது. அதுல எப்படி பிரியா கால வக்கிறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உப்பு விளைகிற பாத்தியில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். வைத்தால் அடிமண் கலங்கி உப்பு கறுத்துவிடும். நடப்பது, நிற்பது, வாருவது எல்லாம் வரப்பிலிருந்துதான். எங்கள் ஊரில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்தது இது. இருபத்திரண்டு வருடம் வரப்பில் நடந்த கால், டேப்பைப் பார்த்ததும் வரப்பைத்தான் பார்த்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடித்த மூன்று வருடத்தில் எனக்குத்தான் மறந்துபோயிருந்தது. அவர்களைத் திட்டிய நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் மேல் வந்த கோபத்தை அப்படியே திருப்பிக்கொண்டு பேராசிரியர் பக்கம் போனேன்.

"அவங்க தப்பா நிக்கல சார். வெளஞ்ச பாத்தியில எறங்கச் சொல்றது நாமதான்."

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேடையைப் பார்த்தார். அப்படியானால் எப்போதுதான் பாத்திக்குள் இறங்குவீர்கள் என்று கேட்டார்.

அண்ணி வரப்பில் நின்றபடியே பதில் சொன்னாள். "மிதிக்கும்போது எறங்குவோம் சார். சீசன் தொடங்குறப்ப மொத வேல அதான். தண்ணி விடறதுக்கு முன்னாடி பாத்திய மிதிச்சுக் கெட்டியாக்கணும்."

"அப்ப மிதிங்க" என்றார் அவர்.

நாடகத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. அண்ணி ஒரு நொடி யோசித்தாள். பிறகு அண்ணாந்து விளக்கு அறையைப் பார்த்து, வெள்ளை வெளிச்சம் இப்போது வேண்டாம் அண்ணே, உப்பு இன்னும் விளையவில்லை என்றாள். மேலே மரியதாஸுக்கு என்ன புரிந்ததோ, வெள்ளையை அணைத்துவிட்டு மஞ்சளை மங்கலாக விட்டார்.

எட்டுப் பேரும் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினார்கள். தோளோடு தோள் சேர்ந்து, முதல் பாத்திக்குள் இறங்கி, ஒன்றாக மிதித்தார்கள். ஈர மண்ணில் அந்த மிதி சதக் சதக்கென்று கேட்டு அடங்கிவிடும். இது மரப்பலகை, அடியில் வெற்றிடம். பதினாறு கால் ஒன்றாக விழுந்ததும் அரங்கமே பறையாக அதிர்ந்தது. அவர்களே திடுக்கிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அஞ்சம்மாள் சிரித்தாள். மறுபடி மிதித்தார்கள், இந்த முறை வேண்டுமென்றே.

முதல் பாத்தி, இரண்டாவது பாத்தி, மூன்றாவது. தேர்வுக் குழுவின் மேஜையில் டீ கப்புகள் கிணுகிணுத்தன. என் நெஞ்சுக்கூட்டுக்குள் அந்தச் சத்தம் இறங்கியது. வாசலில் இருந்த வாட்ச்மேன் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து, அங்கேயே நின்றுவிட்டார். ஒன்பது பாத்தியும் மிதித்து முடித்தபோது எட்டுப் பேருக்கும் வியர்த்திருந்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மிதித்த பாத்தியில் தண்ணீர் விடும்வரை நிற்கலாம், பந்தியும் போடலாம். அதற்குள்ளேயே கல்யாணம் நடந்தது. அஞ்சம்மாள் சாம்பாரை வாயில் வைத்தாள். வாட்ச்சைப் பார்த்தவர் விழுந்து விழுந்து சிரித்தார், மற்றவர் பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கடைசியில் முதலாளி இறங்கிவந்து தன் கையால் தண்ணீர்க் குடம் சுமந்து தந்ததும், பெண்கள் ஒவ்வொருவராக வரப்புக்கு ஏறினார்கள். யாரும் சொல்லாமலே மரியதாஸ் வெள்ளை விளக்கு ஒன்பதையும் போட்டார். காலியான ஒன்பது பாத்தியிலும் உப்பு விளைந்து நின்றது.

ராஜவேல் சார் எழுந்து நின்றுதான் பேசினார். டிசம்பர் வேண்டாம், நீங்கள்தான் இந்த சீசனைத் தொடங்கிவைக்க வேண்டும், ஆகஸ்ட் பதின்மூன்று என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணி எட்டுப் பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆகஸ்டில் முடியாது என்றாள்.

நான் தலையில் அடித்துக்கொள்ளாததுதான் பாக்கி. அவள் நிதானமாக விளக்கினாள். இந்த வருடம் உப்பே தாமதம், ஆகஸ்டில்தான் நல்ல விளைச்சல், ஒரு நாள் விட்டாலும் பாழாகும். ஐப்பசி மழையில் பாத்தி முழுகட்டும், அப்புறம் எப்போது கூப்பிட்டாலும் வருகிறோம். பன்னிரண்டு வருடமாக எங்கள் சீசன் ஆகஸ்டில்தான் தொடங்குகிறது என்று பேராசிரியர் கறாராகச் சொன்னார்.

"எங்க சீசன் அதுக்கும் முன்னாடியே இருக்குது சார்."

அவர் முகம் சிவந்தது. போச்சு என்று நினைத்தேன். பிறகு அவர் சிரித்தார், நான் அந்த ஆபீசில் கேட்டிராத சிரிப்பு. புத்தகம் புதன்கிழமை அச்சுக்குப் போகவில்லை. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் கச்சேரிகளை எல்லாம் முன்னோட்டம் என்று பெயர் மாற்றி, தொடக்க விழாவை நவம்பர் பன்னிரண்டுக்கு வைத்தோம். மழைக்குத் தோதாக சிதாரும் பியானோவும் நகர்ந்து உட்கார்ந்துகொண்டன. முதல் பக்கத்தில் எட்டுப் பெயரையும் நான் டைப் அடித்தேன். ஒவ்வொரு எழுத்தையும் மூன்று தடவை சரிபார்த்தேன். பயிற்சி: உப்பளம்.

நவம்பர் பன்னிரண்டு அன்று கொட்டு கொட்டென்று கொட்டியது. ஊரிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் நனைந்துகொண்டு வந்து இறங்கினார்கள். நானூறு நாற்காலியும் நிறைந்து, படிக்கட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள். பதினாறு கால் மிதித்தபோது கூரை மேல் விழுந்த மழைச் சத்தம் காதில் ஏறவில்லை. அஞ்சம்மாள் சாம்பாரை வாயில் வைத்தபோது அரங்கம் சிரித்த சிரிப்பில் அடுத்த இரண்டு வசனம் யாருக்கும் கேட்கவில்லை. கடைசி வெளிச்சம் வந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்தது. நான் கையில் அந்தப் புத்தகத்தைப் பிடித்திருந்ததால் தட்ட முடியாமல், அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டினேன்.

பொன்னாடை போர்த்த ராஜவேல் சார் மேடையோரம் வந்தார். தோளில் எட்டுப் பொன்னாடை. எதிரே ஒன்பது பாத்தியும் வெள்ளையாகப் பளபளத்துக் கிடந்தன. அந்தப் பக்கத்து வரப்பில் எட்டுப் பேரும் நின்றார்கள். நேராக நடந்தால் பத்தே அடி.

அவர் நின்றார். குனிந்து செருப்பைக் கழற்றினார். வெள்ளை டேப் மேல் வலது காலை வைத்தார், அதற்கு முன்னால் இடது காலை. கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, ஆடி ஆடி, சுற்றிக்கொண்டு வரப்பு மேலேயே வந்தார். கைதட்டல் அப்படியே அடங்கிப்போய், நானூறு பேரும் அவர் காலையே பார்த்தார்கள்.

அண்ணி கை நீட்டினாள்.

"பாத்து வாங்க சார். புதுக்கால் வழுக்கும்."

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பாத்தியும் கலங்கவில்லை.